யாரோட சண்டை போட்டீங்க?

ஆள் அனுப்புவது என் தொழில் இல்லை. விழுப்புரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் என் அறைக்குப் படியேறி வருகிறவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்வேன். விசா வாங்கித் தருவதும் கிடையாது. ஆஸ்திரேலியாவின் 1958-ம் வருடக் குடியேற்றச் சட்டப்படி, அந்த நாட்டுக்குள் உட்கார்ந்து விசா ஆலோசனை சொல்லிக் காசு வாங்க வேண்டுமென்றால் பதிவுபெற்ற ஏஜென்ட்டாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வழக்கறிஞராக இருக்க வேண்டும். நான் இரண்டும் இல்லை. நான் பார்ப்பது அதற்கு முந்தைய படியை. ஸ்கில்ஸ் அசெஸ்மென்ட் என்கிற திறன் மதிப்பீடு. தன்னை இன்ஜினியர் என்று சொல்லிக்கொள்கிறவர் அங்கே உள்ள அளவுகோல்படியும் இன்ஜினியர்தானா என்று அந்தத் துறையின் அமைப்பு பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் கடிதம் கையில் இல்லாமல் 189, 190, 491 என்று எந்த பாயின்ட்ஸ் விசாவுக்கும் வரிசையில் நிற்க முடியாது.

ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு வாசல். இன்ஜினியர் என்றால் ‘இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா’. ஐ.டி. வேலை என்றால் ‘ஆஸ்திரேலியன் கம்ப்யூட்டர் சொசைட்டி’, சுருக்கமாக ஏ.சி.எஸ். நர்ஸ் என்றால் ‘அன்மேக்’. வெல்டர், எலக்ட்ரீஷியன், சமையல்காரர் போன்ற கைத்தொழில்காரர்களுக்கு ‘ட்ரேட்ஸ் ரெகக்னிஷன் ஆஸ்திரேலியா’. இதில் எதிலும் சேராத பல வேலைகளுக்கு ‘வெட்டசெஸ்’. தப்பான வாசலில் போய் நின்றால் கட்டிய பணமும் போகும், காத்திருந்த மாதங்களும் போகும். ஆகவே ஆள் வந்து உட்கார்ந்ததும் பட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதைவிட, தினமும் என்ன வேலை செய்கிறார் என்று கேட்பதுதான் என் வழக்கம். மெக்கானிக்கல் படித்துவிட்டு சென்னை ஓ.எம்.ஆரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்கிறவர்கள் இந்த ஜில்லாவில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள்.

இந்தத் தொழிலுக்கு நான் வந்தது வாத்தியார் வேலையிலிருந்து. ஜி.எஸ்.டி. ரோடு ஓரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் சிவில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். மயிலம், அரசூர், விக்கிரவாண்டி என்று நெடுஞ்சாலை நெடுகப் பொறியியல் கல்லூரிகள் முளைத்திருந்த காலம். 2008-ல் அண்ணா பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளும் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் வந்தன. வருடா வருடம் பையன்களும் பெண்களும் பட்டத்தோடு வெளியே வந்தார்கள். சைட், கம்பெனி, வளைகுடா என்று போய் நாலைந்து வருடம் கழித்து, “சார், கேரியர் எபிசோட்னு எழுதச் சொல்றாங்க, ஒண்ணும் புரியல” என்று போன் செய்ய ஆரம்பித்தார்கள். முதலில் பழைய மாணவர்களுக்காகப் பார்த்துக் கொடுத்தேன். பிறகு அதுவே பிழைப்பானது. ஞாயிற்றுக்கிழமைகளில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு நண்பரின் டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் உட்காருகிறேன். சென்னையில் வேலை பார்த்துவிட்டு வார விடுமுறைக்கு வரும் ஐ.டி. ஆட்களுக்கு அதுதான் தோது.

நம் பகுதி ஆட்களுக்கு இந்த எழுத்து வேலை ஏன் வந்து சேர்கிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. பொறியியல் பட்டங்களை நாடுகள் தங்களுக்குள் ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்பாட்டில் இந்தியா 2014 ஜூனில் முழு உறுப்பினர் ஆனது. பேப்பரில் செய்தி வந்தபோது இங்கே பலர் இனி எல்லாப் பட்டமும் செல்லும் என்று நினைத்துக்கொண்டார்கள். அப்படி இல்லை. தேசிய அங்கீகார வாரியத்தின் முதல் அடுக்கில் அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்குத்தான் அது பொருந்தும். அந்த அடுக்கு பல்கலைக்கழகங்களுக்கும் தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் உரியது. பல்கலைக்கழகத்தோடு இணைந்த சாதாரணக் கல்லூரி அதில் வராது. ஆகவே நம்மூர்ப் பட்டதாரி பெரும்பாலும் சி.டி.ஆர். என்கிற நீண்ட வழியில்தான் போயாக வேண்டும். தான் செய்த வேலையிலிருந்து மூன்று கேரியர் எபிசோடுகள். ஒவ்வொன்றும் 1,000 முதல் 2,500 சொற்கள், பத்திக்குப் பத்தி எண் போட்டு. படிப்புக்குப் பிறகு புதிதாக என்னென்ன கற்றுக்கொண்டார் என்று ஒரு பட்டியல். கடைசியில் ஒரு சுருக்க அட்டவணை. புரொஃபஷனல் இன்ஜினியர் என்ற வகைக்கு விண்ணப்பித்தால் 16 தகுதிக் கூறுகள் உண்டு. ஒவ்வொரு கூறுக்கும் எதிரே, அது எந்த எபிசோடில் எந்தப் பத்தியில் தெரிகிறது என்று எண்ணைக் காட்ட வேண்டும்.

பார்ப்பதற்கு இது இங்கிலீஷ் எழுதுகிற வேலை போலத் தெரியும். அப்படி நினைத்துத்தான் முக்கால்வாசிப் பேர் என்னிடம் வருகிறார்கள். இங்கிலீஷ் இதில் சின்னப் பங்கு. கேள்வி கேட்பதுதான் என் தொழில்.

மரக்காணம் பக்கத்துப் பையன் ஒருவர். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி ஒரு பாக்ஸ் கல்வெர்ட் வேலையில் சைட் இன்ஜினியராக இருந்தவர். எழுதிக்கொண்டு வந்ததைக் காட்டினார். அந்தத் திட்டத்தின் மதிப்பு, நீளம், கம்பெனியின் பெருமை எல்லாம் இருந்தது. அவர் மட்டும் அதில் இல்லை.

“நீங்க என்ன பண்ணினீங்க தம்பி?”

“சூப்பர்விஷன் சார்.”

“சூப்பர்விஷன்னா?”

“எல்லாம் கரெக்டா நடக்குதான்னு பாத்துக்குவோம் சார்.”

இந்த இடத்தில் எல்லோரும் முட்டிக்கொண்டு நிற்பார்கள். சைட்டில் பத்து பேரோடு சேர்ந்து செய்த வேலையில் தன் பங்கைப் பிரித்துச் சொல்வது நம் பிள்ளைகளுக்குத் தற்பெருமை போலப் படுகிறது. மேலே மேனேஜர் இருந்தார், பக்கத்தில் சீனியர் இருந்தார், நான் என்ன பெரிதாகச் செய்துவிட்டேன் என்கிற கூச்சம். மதிப்பிடுகிறவருக்கோ அந்த ஒருவர் செய்ததைத் தவிர வேறெதுவும் தேவையில்லை. இந்தக் கூச்சத்தைத் தாண்ட நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்று உண்டு.

“சைட்ல யாரோடயாவது சண்டை போட்டிருக்கீங்களா?”

பையன் முகம் மாறியது. “ஒரு நாள் மிக்சர் லாரியைத் திருப்பி அனுப்பிட்டேன் சார். பெரிய பிரச்சினை ஆயிடுச்சு.”

மே மாதம். கான்கிரீட் லாரி வழியில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது. வெயிலில் கலவை இறுகிக்கொண்டே வர, இறக்குவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று யாரோ டிரம்முக்குள் தண்ணீர்க் குழாயை விட்டிருக்கிறார்கள். கலவை எவ்வளவு இளகியிருக்கிறது என்று காட்டும் ஸ்லம்ப் சோதனையை இவர் எடுத்துப் பார்த்தார். 100 மி.மீ. இருக்க வேண்டியது 170 காட்டியது. கிளீனர் பையனை ஓரமாக அழைத்துக் கேட்டதில், “நூறு லிட்டர் இருக்கும்ணே” என்று ஒத்துக்கொண்டான். லாரியில் இருந்தது 6 கன மீட்டர். அப்படியானால் கன மீட்டருக்கு 17 லிட்டர் கூடுதல். கலவைப்படி 400 கிலோ சிமென்டுக்கு 180 லிட்டர் தண்ணீர், அதாவது விகிதம் 0.45. இப்போது 197 லிட்டர். விகிதம் 0.49-க்குப் போய்விட்டது.

“போனா என்ன? ஊர்ல வீடு கட்டறவங்க எல்லாம் இதைவிட அதிகமாத்தானே ஊத்தறாங்க?”

“அது ஊர் சார். இது கடலோரம். உப்பளத்துப் பக்கத்துல நிக்கற கான்கிரீட்டு.”

கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 கடலோரச் சூழலைக் ‘கடுமையானது’ என்று வகைப்படுத்துகிறது. அங்கே கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சம் எம்30 தரம், தண்ணீர்–சிமென்ட் விகிதம் 0.45-க்கு மேல் போகக் கூடாது. விகிதம் கூடினால் கான்கிரீட்டில் நுண்துளைகள் கூடும். அந்த வழியாக உப்பின் குளோரைடு கம்பி வரைக்கும் இறங்கும். கம்பி துருப்பிடித்து வீங்கும், மேலே உள்ள கான்கிரீட் பெயர்ந்து விழும். மரக்காணத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு இதைக் கோடு புத்தகம் சொல்லித் தர வேண்டியதில்லை. ஊரில் பழைய கட்டடத் தூண்களில் கம்பி பல்லிளிப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர் அவர்.

மேனேஜர் சத்தம் போட்டாராம். அப்புறம் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கான்கிரீட் போடும் நேரத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றினாராம். கலவை இறுகுவதைத் தாமதப்படுத்தும் ரிடார்டரின் அளவைப் பற்றி பிளான்டோடு பேசி, சோதனைக் கலவை போட்டு, 7 நாள், 28 நாள் க்யூப் முடிவுகளைப் பார்த்து முடிவு செய்தாராம். இத்தனையும் அவர் கொண்டுவந்த பக்கங்களில் ஒரு வரிகூட இல்லை. “இதெல்லாம் எழுதலாமா சார்? இது சண்டைதானே” என்றார்.

அந்தச் சண்டைதான் எபிசோட் ஆனது. ஸ்லம்ப் சோதனையும் விகிதக் கணக்கும், தெரிந்த முறையை எடுத்து ஒரு சிக்கலில் பயன்படுத்தியதற்குச் சாட்சி. மேனேஜர் எதிர்த்தும் லாரியை ஏற்காதது தொழில் நேர்மைக்கும் பொறுப்புக்கும் சாட்சி. பிளான்ட் ஆட்களோடு பேசிக் கடிதம் எழுதி நேரத்தை மாற்றியது தகவல் தொடர்புக்குச் சாட்சி. 16 கூறுகளில் மூன்றுக்கு ஒரே லாரி பதில் சொல்லிவிட்டது. அவர் என் எதிரே தமிழில் சொன்னதை போனில் பதிவு செய்து கையில் கொடுத்தேன். வீட்டில் உட்கார்ந்து கேட்டு அவரே இங்கிலீஷில் எழுதிக்கொண்டு வந்தார். நான் எழுதிக் கொடுப்பதில்லை. எபிசோடுகள் தன் சொந்த எழுத்து என்று விண்ணப்பதாரர் உறுதிமொழி தர வேண்டும். அந்த உறுதிமொழி பொய்யாகும்படி எனக்குச் சம்பளம் வேண்டாம்.

எழுதியதை விற்கிறவர்கள் உண்டு. சாம்பிள் என்று பெயர். ஒரே பாலம் பல பேர் கதையில் வரும், ஆள் பெயரும் ஊரும் மட்டும் மாறும். இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா வந்து சேரும் எழுத்துகளை மென்பொருளில் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறது. திருட்டு என்று தெரிந்தால் விண்ணப்பம் போவதோடு விடுவதில்லை, மறுபடி விண்ணப்பிக்கவும் தடை விழும். இன்னொரு வகையும் உண்டு. வேலை அனுபவம் இல்லாமல் படித்து முடித்தவுடனே வருகிறவர்கள். கல்லூரி ப்ராஜெக்ட்டை வைத்தும் எபிசோட் எழுதலாம், விதியில் இடம் இருக்கிறது. ஆனால் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கியவரிடம் நான் எத்தனை கேள்வி கேட்டாலும் ஒன்றும் வராது. அவர்களை இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிடுவேன்.

எழுத்து ஒரு பக்கம், காகிதம் இன்னொரு பக்கம். நம்மூரில் கஷ்டமே இதில்தான். வேலை பார்த்ததற்குக் கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் கடிதம் வேண்டும். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், செய்த பணிகள், கையெழுத்துப் போட்டவரின் பெயர், பதவி, தொடர்பு விவரம். அது மட்டும் போதாது. கம்பெனி சொல்வதை வேறொருவர் வாயால் உறுதிப்படுத்தவும் வேண்டும். பிஎஃப் பாஸ்புக், ஃபார்ம் 16, 26ஏஎஸ், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு. பெரிய கம்பெனி ஆட்களுக்கு இது ஒரு மாலை வேலை. விழுப்புரத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் ஆறு வருடம் வேலை பார்த்தவருக்கு? சம்பளம் மாதாமாதம் கவரில் ரொக்கமாக வந்திருக்கும். 20 பேருக்குக் குறைவான ஆள் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு பிஎஃப் கட்டாயம் இல்லை. வருமானம் வரி வரம்புக்குள் வராததால் ரிட்டர்னும் தாக்கல் செய்திருக்க மாட்டார். ஆறு வருடம் வெயிலில் நின்றது ஊருக்கே தெரியும், ஒரு காகிதத்துக்கும் தெரியாது.

அப்படிப்பட்டவரிடம் என்ன கிடைக்கும் என்று தோண்டுவேன். ரொக்கத்தை வாங்கிய மறுநாளே வங்கியில் போட்டிருந்தால் அது ஒரு தடயம். சோதனைக்கூட அறிக்கைகளில் அவர் கையெழுத்து இருக்கலாம். ஒப்பந்தத்தில் சைட் பொறுப்பாளர் என்று அவர் பெயரை அரசு அலுவலகத்துக்குக் கொடுத்திருக்கலாம். எதுவும் தேறவில்லை என்றால் அந்த வருடங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்று சொல்லிவிடுவேன். எபிசோட் எழுத அந்த அனுபவம் உதவும். பாயின்ட்டுக்கு உதவாது. இதைக் கேட்டதும் சிலருக்குக் கோபம் வரும். “லெட்டர் நாங்க ரெடி பண்ணிக்கறோம் சார், நீங்க வேலையை முடிங்க” என்பார்கள். அந்த ஃபைலை நான் தொடுவதில்லை. பொய் ஆவணம் என்று பின்னால் தெரிந்தால் ஆஸ்திரேலியக் குடியேற்ற விதி 4020-ன் கீழ் விசா மறுக்கப்படும், மூன்று வருடத்துக்கு வேறு விசாவும் கிடைக்காது. மனைவி, பிள்ளைகள் பெயர் சேர்த்திருந்தால் அவர்களுக்கும் சேர்த்து அடி விழும்.

கடிதம் கேட்டுப் போனால் முதலாளி தருவாரா என்பது தனிக் கதை. ஆள் போய்விடுவானே என்று இழுத்தடிப்பவர்கள் உண்டு. ஐ.டி. ஆட்களுக்கு ஒரு மாற்று வழி இருக்கிறது. கம்பெனியின் மனிதவளத் துறை பணி விவரம் எழுதித் தர மறுத்தால், கூட வேலை பார்த்தவர் ஒருவர் முத்திரைத்தாளில் பிரமாணப் பத்திரம் எழுதி நோட்டரி முன் கையெழுத்திட்டுத் தருவதை ஏ.சி.எஸ். ஏற்கிறது. ஆனால் ஏ.சி.எஸ். கணக்கில் ஒரு வெட்டு உண்டு. கம்ப்யூட்டர் படித்து அதே வேலையில் இருப்பவருக்கே முதல் இரண்டு வருட அனுபவத்தைத் தகுதிக்கென்று கழித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் எண்ணும். ஐந்து வருடம் என்று நம்பி வந்தவருக்கு மூன்று என்று கடிதம் வரும்போது திண்டிவனம் மேசையில் ஒரு நீண்ட மௌனம் இருக்கும். ஆகவே முதல் ஞாயிற்றுக்கிழமையே அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிவிடுவேன்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை. அடுத்த சில வாரங்கள் என் அறையில் நனைந்த சான்றிதழ்களை மின்விசிறிக்கு அடியில் பரப்பி வைத்திருந்தோம். மதிப்பெண் பட்டியலுக்கு நகல் வாங்கிவிடலாம், அலைச்சல்தான். மூடிப்போன கம்பெனி கொடுத்த அனுபவக் கடிதத்துக்கு யாரிடம் நகல் கேட்பது? காகிதம் கைக்கு வந்த அன்றே கலரில் ஸ்கேன் செய்து மெயிலில் தனக்கே அனுப்பிக்கொள்ள வேண்டும் என்று அன்று முதல் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

ஐ.டி.ஐ. முடித்தவர்கள் வருவது குறைவு. வருகிறவர்களை எனக்குப் பிடிக்கும். வெல்டரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் கட்டுரை கேட்பதில்லை. ஆவணங்கள் சரியாக இருந்தால் அடுத்தது தொழில்நுட்ப நேர்காணல், தொழிலைப் பொறுத்து செய்முறைத் தேர்வும் உண்டு. வளைகுடாவில் பத்து வருடம் குழாய் வெல்டிங் செய்தவர், எந்த எலக்ட்ரோடு எதற்கு என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். அதையே இங்கிலீஷில் சொல்லச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவருக்கு நான் தருவது பேச்சுப் பயிற்சி மட்டும்தான்.

திண்டிவனத்தில் என் மேசைக்கு எதிரே சில நேரம் முழுக் குடும்பமும் உட்கார்ந்திருக்கும். பாயின்ட் கணக்கு என்றால் வீட்டில் எல்லோருக்கும் ஆர்வம். 25 முதல் 32 வயது வரை 30 பாயின்ட், 33 ஆனதும் 25, நாற்பதில் 15, 45 ஆகிவிட்டால் வாசலே மூடிவிடும். வாழ்க்கைத் துணை இல்லாதவருக்கு 10 பாயின்ட். துணை இருந்து, அவரும் திறன் மதிப்பீடு வாங்கியிருந்தால் அதே 10. இங்கிலீஷ் மட்டும் தேறியிருந்தால் 5. ஒரு தாயார் கேட்டார்: “அப்ப இந்த தையில பொண்ணு பாக்கலாமா வேணாமாங்க? நீங்களே சொல்லிடுங்க.” அட்டவணையை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். “இதுல உள்ளதை நான் படிச்சுச் சொல்லலாம்மா. கல்யாணத்தை நீங்கதான் முடிவு பண்ணணும்.” மொழிபெயர்ப்பாளர்களுக்கு அங்கே சான்று தரும் ‘நாட்டி’ அமைப்பு நடத்தும் சி.சி.எல். மொழித் தேர்வில் தமிழும் உண்டு, தேறினால் 5 பாயின்ட் என்று சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். “தமிழ் பேசறதுக்கு மார்க்கா!” வரிசையில் நிற்கக் குறைந்தபட்சம் 65 பாயின்ட் வேண்டும். 65 இருந்தால் கூப்பிட்டுவிடுவார்கள் என்று அர்த்தமில்லை. நிஜத்தில் அழைப்பு வருவதற்குப் பல வேலைகளில் அதற்கு மேலும் தேவைப்படுகிறது. இதையும் குடும்பத்தோடு உட்கார வைத்தே சொல்லிவிடுவது நல்லது.

மதிப்பீட்டுக் கடிதம் எல்லோருக்கும் கேட்டபடி வருவதில்லை. புரொஃபஷனல் இன்ஜினியர் என்று கேட்டவருக்கு இன்ஜினியரிங் டெக்னாலஜிஸ்ட் என்று வந்ததுண்டு. அப்படிக் கடிதம் வந்தவர்களின் எபிசோடுகளைத் திருப்பி எடுத்துப் படித்தால் பெரும்பாலும் ஒரே விஷயம்தான் தெரியும். வேலையை எப்படிச் செய்தார் என்பது முழுதாக இருக்கும். ஏன் அப்படிச் செய்தார், வேறு வழி என்ன இருந்தது, அதை ஏன் ஒதுக்கினார் என்பது இருக்காது. நம் கல்லூரிகளில் பதிலை மனப்பாடமாகக் கேட்கிறோம். ஏன் என்ற கேள்வியை வைவாவில்கூட யாரும் கேட்பதில்லை. அதைப் பத்து வருடம் கழித்து, கடல் கடந்த ஒருவர் கேட்கும்போது பிள்ளைகள் தடுமாறுவதில் ஆச்சரியம் இல்லை.

இப்போது கல்லூரிகளில் பேசக் கூப்பிட்டால் ஆஸ்திரேலியா பேச்சையே எடுப்பதில்லை. வேலைக்குச் சேரும் நாளிலிருந்து ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். சைட்டில் எது தப்பாகப் போனது, அப்போது எண் என்ன காட்டியது, நீங்கள் யாரோடு மோதினீர்கள், கடைசியில் எந்த முடிவு நின்றது. நாலு வரி போதும், அன்றைக்கே எழுதிவிட வேண்டும். ஐந்து வருடம் கழித்து என் எதிரே உட்கார்ந்தாலும் சரி, வேலூரிலோ கோயம்புத்தூரிலோ ஒரு இன்டர்வியூவில் உட்கார்ந்தாலும் சரி, கேட்கப்படுவது அந்த நாலு வரிதான்.